வெப்பமானி சொல்வது மெய்யா?

ஓகஸ்ட் மாதத்து நண்பகல். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் செல்லும் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் ஒன்று சிலாபத்திலிருந்து வடக்கு நோக்கி ஓடுகின்றது. முந்தலைத் தாண்டி மதுரங்குளியை நெருங்கும்பொழுது, ஓட்டுநரின் முன்னுள்ள சிறு வட்டத்திலே முள் ஒன்று மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்கின்றது. எஞ்சின் சூடேறிவிட்டது என்று அந்த முள் சொல்கின்றது. ஓட்டுநர் அதை நம்புவதா? நம்பாது விடுவதா?

இந்த வினாவுக்குத் தவறான விடை இரண்டு உண்டு. இரண்டுக்கும் தண்டனையும் உண்டு. பொய் சொல்லும் முள்ளை நம்பியவர், பழுதில்லாத எஞ்சினைக் கராஜிலே கழற்றிப் பணத்தைச் செலவிடுவார். மெய் சொல்லும் முள்ளை அலட்சியம் செய்தவர், இன்னும் சில மைல் ஓடியதும் ஹெட் கஸ்கற் எரிந்து, சிலிண்டர் தலை வளைந்து, நடுவழியிலே நிற்பார். ஐம்பது அறுபது ஆண்டு வயதான வண்டிக்கு உதிரிப்பாகம் தேடுவோர் படும் பாடு யாவரும் அறிந்ததே. ஆதலால், முள் மெய் சொல்கின்றதா பொய் சொல்கின்றதா என்று சோதித்தறியும் முறையைத் தெரிந்து வைத்திருப்பது பழைய வண்டி வைத்திருப்போர் அனைவருக்கும் பயன் தரும்.

இலங்கையிலே பழைய வண்டிகள் நீண்ட ஆயுள் பெற்றமைக்குக் காரணம் அன்பு மட்டுமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2020 மார்ச் மாதத்தில் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இத்தகைய காலங்களிலே, இருக்கும் வண்டியைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மொறிஸ் மைனர் வண்டியின் தகட்டு உறுப்புகள் 1990களில் இலங்கையிலே செய்யப்பட்டு, அந்த வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன என்பது இந்நாட்டுத் தொழிலாளரின் கைத்திறனுக்குச் சான்றாகும்.

எல்லாப் பழைய வண்டிக்கும் வெப்பமானி உண்டு என்று எண்ணிவிடலாகாது. வொக்ஸ்வாகன் வண்டு வண்டி காற்றினாலே குளிர்விக்கப்படுவது. அதிலே தண்ணீரும் இல்லை, றேடியேற்றரும் இல்லை. 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனர், வெப்பமானி இல்லாமலே தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. இன்று அவற்றிற் சிலவற்றிலே காணப்படுபவை உடைமையாளர் பின்னர் பொருத்தியவை. அதற்கும் முந்திய காலத்திலே, 1912ஆம் ஆண்டளவில், அமெரிக்காவிலே பொய்ஸ் என்பவர் றேடியேற்றர் மூடியின் மேலேயே பொருத்தத்தக்க வெப்பமானி ஒன்றை ஆக்கினார். ஓட்டுநர் கண்ணாடியினூடே அதைப் பார்த்துக்கொண்டே வண்டியைச் செலுத்தினார். பின்னரே அளவுகாட்டி வண்டியின் உள்ளே, முகப்புப் பலகைக்கு வந்து சேர்ந்தது.

முகப்புப் பலகையிலுள்ள வெப்பமானிகள் இரு வகைப்படும். ஒன்று குழாய் வகை. மற்றொன்று மின்சார வகை. வண்டியிலே எவ்வகை உள்ளது என்று அறிவதே சோதனையின் முதற்படியாகும். கருவியின் பின்புறத்திலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று புறப்பட்டு எஞ்சினுக்குச் செல்லுமாயின் அது குழாய் வகை. வயர் மட்டும் செல்லுமாயின் அது மின்சார வகை.

குழாய் வகையின் தத்துவம் எளிது. எஞ்சினின் தண்ணீரிலே மூழ்கியிருக்கும் சிறு உலோகக் குமிழுக்குள் ஈதர் போன்ற, விரைவில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் சூடேற அத்திரவம் ஆவியாகி அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் நுண்குழாய் வழியே கருவிக்குள் வந்து, அங்குள்ள வளைந்த தட்டைக் குழாயை நிமிர்த்த முயலும். குழாய் நிமிர, அதனோடு இணைந்த முள் நகரும். இவ்வளைந்த குழாய்க்கு 1849இல் உரிமை பெற்றவர் பூர்டோன் என்னும் பிரெஞ்சுக்காரர். நீராவி எஞ்சின்களின் அழுத்தமானியிலே பயன்பட்ட அதே கருவிதான் பின்னர் மோட்டார் வண்டியிலும் இடம் பெற்றது.

இவ்வகைக்கு மின்சாரம் வேண்டியதில்லை. பற்றரி செத்தாலும் முள் உயிரோடிருக்கும். ஆனால் அதன் உயிர் நுண்குழாயிலே இருக்கின்றது. குழாய் ஓரிடத்திலே வெடித்தால் ஆவி வெளியேறிவிடும். அதன் பின் எஞ்சின் எவ்வளவு சூடேறினாலும் முள் குளிர்ப்பக்கத்தை விட்டு அசையாது. எஞ்சினோ அதிர்வது, வண்டியின் உடலோ அவ்வாறு அதிர்வதில்லை. இரண்டுக்கும் இடையே செல்லும் குழாயை இரண்டு மூன்று சுற்றாகச் சுருட்டி விட்டிருப்பது அவ்வதிர்வைத் தாங்குவதற்காகவே. அழகு கருதி அச்சுருளை நேராக்கிவிட்டால் குழாய் முறிவது திண்ணம். குமிழைக் கழற்றும்போதும் கவனம் வேண்டும். குமிழ் துருவிலே இறுகியிருக்க, அதைப் பிடித்திருக்கும் சுரையை மாத்திரம் வேகமாகத் திருகினால், குமிழும் உடன் சுழன்று குழாய் முறுக்குண்டு அறும். முறிந்த குழாயை ஈயம் வைத்து ஒட்டிச் சரிசெய்ய முயல்வது வீண். உள்ளிருந்த திரவம் போய்விட்டமையால் பயனில்லை. எஞ்சியிருக்கும் ஈதர் எளிதில் தீப்பற்றும் ஆதலால் ஆபத்தும் உண்டு. அத்தொழில் கற்றவரிடம் அனுப்பித் திரவத்தை மீண்டும் நிரப்புவித்தலே முறை.

குழாய் வகைக் கருவி மெய் சொல்கின்றதா என்று அறியக் கடற்கரை வாசிகளுக்கு இயற்கையே ஓர் அளவுகோலைத் தந்திருக்கின்றது. கடல் மட்டத்திலே தண்ணீர் 100 பாகை செல்சியசிலே, அதாவது 212 பாகை பரனைற்றிலே கொதிக்கும். நுவரெலியாவிலே, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், அது 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். எஞ்சின் ஆறிய பின் தண்ணீரை வடித்து, குமிழை மெல்லக் கழற்றி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்திலே அமிழ்த்தி வைத்தால், கற்பிட்டியிலோ உடப்பிலோ முள் 212இல் நிற்க வேண்டும். பாத்திரத்தையும் அடுப்பையும் வண்டியருகே கொண்டு செல்ல வேண்டியதே சிரமம். பெற்றோல் மணம் இல்லாத இடமாகவும் அது இருக்க வேண்டும். ஆதலின் வேறிடத்திலே கொதிக்க வைத்த தண்ணீரை உடனே எடுத்துச் செல்லலாம். அப்போது முள் சில பாகை குறைத்துக் காட்டினாலும் பிழையன்று.

இனி மின்சார வகை. இதிலே எஞ்சினில் திருகப்பட்ட சிறு உணர்கருவி ஒன்று உண்டு. சூடு கூடக் கூட அதன் மின்தடை குறையும். குளிர்ந்திருக்கும்போது சில நூறு ஓம் தடை காட்டும் கருவி, கொதிநிலையை நெருங்கும்போது சில பத்து ஓம் மாத்திரமே காட்டும். தடை குறைய மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூட முள் வெப்பப்பக்கம் நகரும். மின்சாரம் முகப்புக் கருவியிலிருந்து ஒரே ஒரு வயர் வழியாக உணர்கருவிக்கு வந்து, எஞ்சினின் உலோகத்தினூடே பற்றரிக்குத் திரும்புகின்றது. திரும்பும் இவ்வழியையே மெக்கானிக்குகள் 'ஏர்த்' என்பர்.

இவ்வமைப்பைச் சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தி, சாவியை மாத்திரம் போட்டு, உணர்கருவியிலிருந்து வயரைக் கழற்றி எதிலும் படாது பிடிக்க வேண்டும். முள் குளிர்ப்பக்கம் விழ வேண்டும். விழாமல் வெப்பப்பக்கத்திலேயே நின்றால், வயர் எங்கோ தோலுரிந்து உலோகத்திலே படுகின்றது என்பது பொருள். அடுத்து அதே வயரின் நுனியை எஞ்சினின் துருவில்லாத உலோகத்திலே தொட வேண்டும். முள் வெப்பப்பக்கம் எழ வேண்டும். எழுந்தவுடன் வயரை எடுத்துவிட வேண்டும், நெடுநேரம் வைத்திருந்தால் கருவி கெடும். எழாவிடின் வயர் அறுந்திருக்கலாம், அல்லது கருவிக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது கருவியே பழுது. இவ்விரு சோதனையிலும் முள் ஒழுங்காக நடந்துகொண்டால், வயரும் கருவியும் குற்றமற்றவை; ஐயத்துக்குரியது உணர்கருவியே.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாவியை அணைத்ததும் முள் குளிர்ப்பக்கம் ஓய்வதே பெரும்பான்மை. அணைத்த நிலையிலே வெப்பப்பக்கம் ஓயும் கருவிகளும் சிலவுண்டு. அவற்றிலே மேற்கூறிய சோதனைகளின் விடை தலைகீழாகும். ஆகவே, சோதனை தொடங்குமுன் ஓய்வுநிலையைக் கவனித்துக்கொள்ளல் நன்று.

1960களின் வண்டிகள் பலவற்றிலே முள் மிக நிதானமாக நகரும். சாவி போட்டபின் அது தன் இடத்தை அடையச் சிறிது நேரம் செல்லும். அவற்றினுள்ளே இருப்பது சூட்டினால் வளையும் ஈருலோகக் கீற்று. பற்றரியின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் இக்கருவி ஏமாந்துவிடாதபடி, 10 வோல்ற்று அளவிலே மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சீராக்கி ஒன்றும் முகப்புப் பலகையின் பின்னே இருக்கும். பெற்றோல் அளவுகாட்டிக்கும் மின்சாரம் வருவது இதே சீராக்கி வழியாகத்தான். எனவே பெற்றோல் அளவுகாட்டி இவ்வழக்கிலே ஒரு நல்ல சாட்சியாகும். தாங்கி பாதியாக இருக்கையிலே அது நிறைந்தது போலக் காட்டி, வெப்பமானியும் உயர்த்திக் காட்டினால், இரண்டும் ஒருங்கே பொய் சொல்கின்றன, சீராக்கியே குற்றவாளி. இரண்டும் ஒருங்கே செத்துக் கிடந்தாலும் அதையே முதலில் ஐயுற வேண்டும். பெற்றோல் முள் சரியாக இருந்து வெப்ப முள் மாத்திரம் உயருமாயின், எஞ்சின் உண்மையிலேயே சூடேறியிருக்கக் கூடும்.

சீராக்கியின் உறை வண்டியின் உலோகத்தோடு நன்கு பொருந்தியிருக்க வேண்டும். பொருந்துமிடம் துருப்பிடித்தால் சீராக்கி தன் வேலையைச் செய்யாது. பற்றரியின் முழு மின்னழுத்தமும் கருவிகளுக்குச் சென்று, இரு முட்களும் எல்லை மீறி நிற்கும். இன்று இதற்கு மாற்றாக மின்னணுச் சீராக்கிகள் விற்கப்படுகின்றன. வாங்குவோர் தம் வண்டியிலே பற்றரியின் எந்த முனை உடலோடு இணைக்கப்பட்டுள்ளது என்று பார்த்தே வாங்க வேண்டும். 1960களின் நடுப்பகுதிவரை வந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றிலே நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது.

துருவைப் பற்றிப் பேசும்போது புத்தளக் கரையை மறக்க முடியாது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பளங்கள். இக்காற்று மீனைக் கருவாடாக்க உதவுவது போலவே செம்பையும் இரும்பையும் அரிக்க உதவுகின்றது. மின்தொடுப்புகளிலே பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும் படிவு மின்சாரத்துக்குத் தடையாகின்றது. உணர்கருவியின் தொடுப்பிலோ எஞ்சினின் ஏர்த்துப் பட்டியிலோ தடை கூடினால், வெப்பமானி உண்மையிலும் குறைத்தே காட்டும். முகப்புப் பலகையின் ஏர்த்து கெட்டால், முன்விளக்கைப் போட்டவுடன் முள் துள்ளும். விளக்குக்கும் வெந்நீருக்கும் தொடர்பில்லை; ஆகவே அத்துள்ளல் பொய் என்று அங்கேயே தீர்ப்பளித்துவிடலாம். தொடுப்புகளைக் கழற்றி, நுண்ணிய மண்தாளால் மினுங்கத் தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே சிறிது வசலீன் பூசுதல் போதிய மருந்து. புதிய உணர்கருவியைப் பொருத்துவோர் கசிவுக்கு அஞ்சி அதன் திருகிலே வெள்ளை நாடாவைத் தடிப்பாகச் சுற்றுவதுண்டு. அந்நாடா மின்சாரம் திரும்பும் வழியையும் மறித்துவிடலாம் என்பதை அவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்தனை சோதனைக்கும் நேரமில்லாதோர்க்கு இக்காலத்திலே ஒரு குறுக்குவழி உண்டு. தொடாமலே வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது பலரிடமும் உள்ளது. அதை எஞ்சினிலிருந்து றேடியேற்றருக்குத் தண்ணீர் செல்லும் மேல்வாயின் அருகே பிடித்துப் பார்க்கலாம். மினுங்கும் உலோகத்திலே அது பிழையாகக் காட்டும். மங்கிய கரிய பரப்பிலே பிடிக்க வேண்டும். உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டைவிடச் சற்றுக் குறைவாகவே அது காட்டும். அக்கருவி 80 பாகை என்று சொல்ல, முகப்பு முள் கொதிநிலையைக் காட்டினால், பொய்யன் யார் என்பது வெளியாகிவிடும்.

முள் மெய் சொல்கின்றது என்று தெளிந்த பின்னர், எஞ்சின் ஏன் சூடேறிற்று என்று தேட வேண்டும். இதிலும் இந்நிலத்துக்கே உரிய காரணங்கள் சில உண்டு. புத்தளத்தின் வடபகுதி சுண்ணாம்புக்கல் நிலம். அருவாக்காலுவிலே அக்கல்லை வெட்டியே சீமெந்து செய்யப்படுகின்றது. அத்தகைய நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. தேநீர்க் கேத்திலின் உள்ளே படியும் வெள்ளைப் படிவே றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் படிந்து அவற்றை அடைக்கின்றது. மாரி மழையிலே சேமித்த நீர் இதற்கு மிக ஏற்றது. பனி உறையாத நாட்டிலே 'கூலன்ற்' எதற்கு என்று கேட்போர் உளர். உறைதலைத் தடுப்பதோடு அது கொதிநிலையை உயர்த்துகின்றது, துருவையும் தடுக்கின்றது. இக்கரைக்கு அவ்விரு பயனும் வேண்டியவை. அவசரம் கருதிக் களப்பு நீரை றேடியேற்றரிலே ஊற்றுவது மாத்திரம் கூடாது.

மற்றொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மே முதல் செப்ரெம்பர் வரை இக்கரையிலே தென்மேல் காற்று பலமாக வீசும். கற்பிட்டிக் குடாநாட்டிலே காற்றாலைகள் நிறுவப்பட்டமைக்கும் அதுவே காரணம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும் வண்டிக்குப் பின்னாலிருந்து 30 கிலோமீற்றர் வேகக் காற்று வீசினால், றேடியேற்றரினூடே புகும் காற்றின் வேகம் 20 கிலோமீற்றரே. தலவிலக்குச் சென்ற அந்த வண்டி வடக்கே போகும்போது சூடேறி, திரும்பி வரும்போது குளிர்ந்திருப்பின் வியப்பில்லை. அங்கே முள் பொய் சொல்லவில்லை, எஞ்சினும் பழுதுபடவில்லை. வேகத்தைச் சற்று மாற்றி, நிழலிலே சிறிது நின்று செல்வதே போதும்.

இவையன்றி, தளர்ந்த விசிறிப் பட்டி, தேய்ந்த தண்ணீர்ப் பம்பி, உள்ளே சுருங்கும் இறப்பர்க் குழாய், மணலும் பூச்சியும் அடைத்த றேடியேற்றர் முகம், மூடிய நிலையிலே இறுகிய தெர்மோஸ்ரற் ஆகியவற்றையும் பார்த்தல் வேண்டும். வெப்ப நாட்டுக்குத் தெர்மோஸ்ரற் தேவையில்லை என்று சிலர் அதைக் கழற்றி எறிகின்றனர். அப்படிப்பட்ட வண்டியிலே முள் மேலெழாது. கருவி பழுது என்று பின்னர் அவர்களே வருந்துவர். குளிர்ந்தே ஓடும் எஞ்சின் பெற்றோலை வீணாக்கும். விரைவிலே தேயவும் செய்யும்.

எல்லாவற்றிலும் கொடியது, உயர்ந்திருந்த முள் திடீரென்று தானே விழுவது. ஓட்டுநர் மகிழ்ச்சியடைவார், எஞ்சின் ஆறிவிட்டது என்று எண்ணுவார். உண்மை வேறாக இருக்கலாம். தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் உணர்கருவியைத் தொடுவதற்கு வெந்நீர் இல்லை. வெறும் ஆவியும் காற்றுமே உண்டு. அதனால் முள் விழுகின்றது. எஞ்சினோ உள்ளே வெந்துகொண்டிருக்கின்றது. ஆவி மணம், எஞ்சினிலே தட்டும் ஓசை, வேகம் குன்றுதல் ஆகிய அறிகுறிகளோடு முள் விழுமாயின் அந்தக் கணமே வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்திய பின் றேடியேற்றர் மூடியை உடனே திறக்கலாகாது. மூடிக்குள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 பாகைக்கு மேலும் சூடேறியிருக்கும். திறந்தவுடன் பொங்கி எழுந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரை மணி நேரத்துக்குக் குறையாது பொறுத்து, தடித்த துணியைப் போட்டு மெல்லத் திறக்க வேண்டும். சூடான எஞ்சினிலே குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் இரும்பு வெடிக்கும். சிறிது சிறிதாக ஊற்றுதல் வேண்டும்.

நோயாளியின் உடலிலே வைக்கும் வெப்பமானி போன்றதே வண்டியின் வெப்பமானியும். நல்ல வைத்தியர் அதை மட்டும் நம்பி மருந்து கொடுப்பதில்லை. அதைப் பாராமல் விடுவதும் இல்லை. நாடி பார்த்து, கண்ணைப் பார்த்து, அதன் சொல்லை ஒப்பிட்டுக்கொள்கின்றார். பழைய வண்டியின் உடைமையாளரும் முள்ளின் சொல்லைப் பெற்றோல் முள்ளோடும், எஞ்சினின் ஓசையோடும், கொதிநீரின் அளவோடும் ஒப்பிட்டுப் பார்ப்பாராயின், ஐயம் தீரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கும் பொறுமையும் உடையவராயின், மதுரங்குளியிலே நின்ற வண்டி அன்று மாலைக்குள் தலவிலையைச் சென்றடையும்.